நூற்றுப் பத்து அடி

ஸ்கார்வோய் தீவில் விமானம் இறங்கும் வழியை வரைந்தவள் நான்.
இன்று அதே வழியில் பயணி.
ஏழாம் வரிசை, ஜன்னலோரம்.
ஜன்னலில் ஒன்றுமில்லை.
பால் என்றும் பஞ்சு என்றும் சொல்ல மாட்டேன்.
ஒன்றுமில்லை.

பக்கத்து இருக்கையில் ஓட்வார், செம்மறி வளர்ப்பவர்.
மடியில் காகிதப் பை,
பைக்குள் தண்ணீர்ப் பம்புக்கு ரப்பர் வளையங்கள்.
"இறங்கிவிடுவோமா?"
"பார்க்கலாம்" என்றேன்.
விதிப்புத்தகம் அறுபது பக்கத்தில் சொல்வதும்
அந்த ஒரு சொல்தான்.

இடது இறக்கை தாழ்கிறது.
முதல் புள்ளி.
அங்கே மிதவை இல்லை, பாறை இல்லை.
அட்சரேகையும் தீர்க்கரேகையும் கைகுலுக்கும் இடத்துக்கு
எந்த மொழியிலும் பொருளில்லாத ஐந்தெழுத்துப் பெயர்.
கணினி நீட்டிய பட்டியலிலிருந்து
ஒரு திங்கட்கிழமை, காபி ஆறுவதற்குள்,
நான் எடுத்து வைத்த பெயர்.

திரும்பிக்கொண்டே இருக்கிறோம்.
காதுக்குள் இருக்கும் துளித் திரவமோ
நேராகத்தான் போகிறோம் என்று சத்தியம் செய்கிறது.
காதால் கேட்பதும் பொய் என்றவர்
மேகத்துக்குள் ஒருமுறை போய் வந்திருக்க வேண்டும்.
முன்னே, மூடிய கதவுக்கு அப்பால்,
கேப்டன் டோர்டிஸ் தன் உடம்பை நம்பாமல்
ஆறு முள்களை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

சக்கரங்கள் இறங்கும் சத்தம்.
ஓட்வார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
இனி ஒவ்வொரு கடல் மைலுக்கும் முந்நூற்று இருபது அடி,
நூல் பிடித்தாற்போல்.
ஆயிரம் இருக்கும் இப்போது.
எண்ணூறு.

என் தொழில் வானத்தில் தளம் போடுவது.
மலைமுகடு, தேவாலயக் கூரை, மின்கம்பம்
எல்லாவற்றையும் அளந்து,
மிக உயர்ந்ததன் தலைக்கு மேல்
கண்ணுக்குத் தெரியாத ஒரு பலகை.
ஓடுதளத்தைக் காணாமல்
அதற்குக் கீழே ஒரு விரற்கடையும் போகக் கூடாது.
போன ஆண்டு வரை அது ஐந்நூற்று இருபதில் இருந்தது.
பிறகு தெற்குக் குன்றில் ஒருவர் காற்றாலை நட்டார்.
பழுதில்லாத விண்ணப்பம், மூன்று கையெழுத்து.
நான் பலகையை நூற்றுப் பத்து அடி உயர்த்தினேன்.

விண்ணப்பத்தில் இருந்த பெயர்
இப்போது ரப்பர் வளையங்களை எண்ணிக்கொண்டிருக்கிறது.

எழுநூறு.
எழுநூறில் இருக்கும்போதே
என் விரல்கள் கைப்பிடியைப் பிடித்துவிட்டன.
அறுநூற்று முப்பது.
ஒன்றுமில்லை.

இன்ஜின் உறுமியது, மூக்கு நிமிர்ந்தது,
வயிறு மட்டும் கீழேயே தங்கிவிட்டது.
பின்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது.
யாரும் பயப்படத் தேவையில்லை:
இறங்கும் கோட்டுக்கும் முன்பே
இறங்காமல் போகும் கோட்டைத்தான் நான் வரைந்தேன்.
கடல் பக்கம் இடது திருப்பம்,
மூவாயிரம் அடி வரை ஏற்றம்,
அங்கே முட்டை வடிவில் ஒரு சுற்றுப்பாதை,
எரிபொருள் தீரும் முன் யோசித்து முடிக்க.

நான்கு சுற்று சுற்றினோம்.
பிறகு பூடோ.

பூடோவில் மழை. ஓட்டல் சீட்டுக்கு வரிசை.
ஓட்வார் மனைவியிடம் பேசி முடித்துவிட்டு வந்தார்.
"ஓடுதள விளக்குகள் சமையலறையிலிருந்து தெரிந்ததாம்.
நம் சத்தம் தலைக்கு மேல் வந்து திரும்பிப் போனதாம்.
இன்னும் கொஞ்சம் கீழே வந்திருந்தால்..."
கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே
அந்தக் கொஞ்சத்தைக் காட்டினார்.
"யார் சார்ந்த முடிவு இது? யாராவது எழுதி வைக்கிறார்களா?"

"நான்தான் எழுதுகிறேன்" என்றேன்.
"எவ்வளவு கீழே என்பதில்
உங்கள் காற்றாலைக்கும் பங்குண்டு."

வரிசை ஓரடி நகர்ந்தது.
அவர் விரல்கள் இன்னும்
அந்தச் சின்ன இடைவெளியைப் பிடித்தபடி இருந்தன.
ஜன்னல் கண்ணாடிக்கு எதிரே அதை உயர்த்தி,
ஒற்றைக் கண்ணை மூடி,
எதையோ அளந்து பார்த்தார்.

"நல்ல மின்சாரம்" என்றார் கடைசியில்.
"குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் விளக்கு எரிந்தது."